ஸ்ட்ராஸ்பர்க்கை 2012இல் பாதியில் நிறுத்தியது சரிதானா?

வேம்படி:

வாஷிங்டன் பக்கம், வர்ஜீனியாவில் குடியேறி ஏழெட்டு வருடம் ஆகியும் பேஸ்பால் எனக்குப் பிடிபடவில்லை. 2010 ஜூன் 8ஆம் தேதி ராத்திரிதான் பிடிபட்டது. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கின் முதல் மேஜர் லீக் ஆட்டம், பேஸ்பாலின் உச்ச லீக் அது. கூட வேலை பார்ப்பவர் ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறது, வா என்றார். போனேன்.

மைதானத்தில் 40,315 பேர். எதிரணி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். பந்து எறிய வந்தது 21 வயதுப் பையன். ஏழு இன்னிங்ஸ், 94 பந்து, 14 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து பேட்டர் அவுட் ஆவது). வாக் (நாலு பந்து தப்பாகப் போட்டு பேட்டரைச் சும்மா முன்னேற விடுவது) ஒன்றுகூட இல்லை. நடுவில் டெல்வின் யங் ஒரு ஹோம் ரன் அடித்து இரண்டு ரன் எடுத்தார், அவ்வளவுதான். கடைசியாக வந்த ஏழு பேரும் வரிசையாக ஸ்ட்ரைக்அவுட். பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக் விழுந்ததும் யாரும் சொல்லாமலே கூட்டம் எழுந்து நிற்கும், மூன்றாவது விழுந்ததும் உட்காரும். ஏழாவது இன்னிங்ஸில் யாரும் உட்காரவே இல்லை. அவர் கர்வ்பால் போடும்போது பேட்டரின் முழங்கால் மடங்குவது மேல் அடுக்கில் இருந்த எனக்கே தெரிந்தது. பந்து தோளுக்கு வருகிறது என்று ஆள் பின்வாங்குவார். அது வளைந்து இறங்கி கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) இவான் ரோட்ரிகஸின் கையுறைக்குள் போயிருக்கும்.

தெரியாதவர்களுக்காக அவர் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் சான் டியேகோ. பள்ளி முடித்தபோது எந்த அணியும் டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) அவரை எடுக்கவில்லை. சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது உடம்பு பருத்து, ஓடினால் மூச்சு வாங்கும். பயிற்சியில் வாந்தி எடுத்திருக்கிறார். உடற்பயிற்சி கோச் அவருக்கு ‘ஸ்லாத்பர்க்’ என்று பேர் வைத்தார், ஸ்லாத் என்ற அந்த மந்தமான விலங்கின் பெயரை ஒட்டி. அங்கே தலைமை கோச் டோனி க்வின், பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த பேட்டர்களில் ஒருவர். அவர் கையில் பையன் மாறினான். 2008 ஏப்ரலில் யூட்டா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 23 ஸ்ட்ரைக்அவுட். அதே வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இருந்த ஒரே கல்லூரி வீரர் அவர்தான், வெண்கலத்தோடு திரும்பினார். 2009இல் 109 இன்னிங்ஸில் 195 ஸ்ட்ரைக்அவுட். அந்த ஜூனில் வாஷிங்டன் நேஷனல்ஸ் டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்தது. ஆகஸ்டில், கெடு முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லாத நேரத்தில், 1.51 கோடி டாலருக்குக் கையெழுத்து. அதுவரை டிராஃப்டில் வந்த யாருக்கும் கிடைக்காத தொகை.

ஹாரிஸ்பர்க், சிரக்யூஸ் என்று மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழே உள்ளது) 11 ஆட்டம்தான். அப்புறம் நான் சொன்ன அந்த ஜூன் ராத்திரி.

ஜூலைக் கடைசியில் ஆட்டத்துக்கு முன்னால் கை சூடேறவே இல்லை. தோளில் வீக்கம் என்று உட்காரவைத்தார்கள். ஆகஸ்டில் திரும்பினார். ஆகஸ்ட் 21, பிலடெல்பியாவில் ஐந்தாவது இன்னிங்ஸ், எதிரே டோமினிக் பிரவுன். ஒரு சேஞ்சப், வேகம் குறைத்துப் போடும் பந்து. பந்து கையை விட்டதும் முகம் சுளித்து, ஈரக்கையை உதறுவது போல வலக்கையை உதறினார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஐயோ’ என்று வாய்விட்டுச் சொன்னது நினைவிருக்கிறது. முழங்கை லிகமெண்ட் (எலும்புகளைப் பிடித்துவைக்கும் நார்ப்பட்டை) கிழிந்துவிட்டது. செப்டம்பரில் அதைப் புதிதாகக் கட்டும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 12 ஆட்டம், 68 இன்னிங்ஸ், 92 ஸ்ட்ரைக்அவுட், அதோடு அந்த வருடம் முடிந்தது.

ஒரு வருடம் கழித்து, 2011 செப்டம்பர் 6 அன்று திரும்பி வந்தார். கேள்வி 2012 பற்றியது. அந்த வருடம் நேஷனல்ஸ் 98 ஆட்டம் ஜெயித்தது. ஸ்ட்ராஸ்பர்க் 15 வெற்றி, 197 ஸ்ட்ரைக்அவுட். ஆனால் பொது மேலாளர் மைக் ரிசோ முன்பே சொன்னபடி, 159 இன்னிங்ஸும் ஒரு பந்தாளும் முடிந்ததும் செப்டம்பரில் அவரை நிறுத்திவிட்டார். கை நல்ல நிலையில்தான் இருந்தது. அக்டோபர் பிளேஆஃபில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகள்) அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், அணி தோற்றது. அன்று நான் ரிசோவைத் திட்டாத நாள் இல்லை. இன்று அவர் செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கூடல்நகரான்:

வேம்படி அண்ணா, நான் கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவன். ‘ஒரு பந்தாள்’ என்றால் என்ன? அப்புறம், டெஸ்ட் மேட்ச்சில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஒரே நாளில் 20 ஓவர் போடுகிறார், 120 பந்து. மறுநாளும் வந்து போடுகிறார். இவர் ஐந்து நாளைக்கு ஒரு முறை 95 பந்து எறிகிறார். அதற்கே கை கிழிகிறதா? உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறேன்.

வேம்படி:

தம்பி, ஒரு இன்னிங்ஸில் எதிரணியின் மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும். 159 முழு இன்னிங்ஸ், 160ஆவதில் ஒரே ஒரு ஆள் அவுட். அதைத்தான் பந்தாள் என்று நானாக ஒரு பேர் வைத்துச் சொன்னேன். கை பற்றிய கேள்விக்குத் தேன்சிட்டு வரட்டும், அவர் பிசியோ.

தேன்சிட்டு:

வந்துவிட்டேன். கூடல்நகரான் தம்பி, நல்ல கேள்வி.

கிரிக்கெட்டில் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. ஓடிவரும் வேகம், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து பந்தைத் தள்ளுகின்றன. அதனால்தான் அவர்களுக்கு முதுகெலும்பு, கணுக்கால், முழங்கால் என்று போகிறது. பிட்சருக்கு ஓட்டம் கிடையாது. ஒரு அடி எடுத்து வைத்து, மடங்கிய கையைப் பின்னால் கொண்டுபோய், சவுக்கு மாதிரி முன்னால் அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் மேல்கை தோளில் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரிக்குப் பக்கம். அதே வேகத்தில் ஒரு நொடி முழுக்கச் சுழன்றால் இருபது சுற்று வரும். மனித உடம்பின் வேறு எந்த அசைவிலும் இப்படி ஒரு வேகம் பார்க்க முடியாது.

மேல்கை முன்னால் போய்விடும், முன்கையும் பந்தும் பின்னால் தங்கிவிடும். முழங்கையின் உள்பக்கம் வாய் பிளக்கப் பார்க்கும். அதைப் பிளக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு விரலுக்கும் குறைவான அகலமுள்ள நார்ப்பட்டை. அதுதான் அந்த லிகமெண்ட். சுற்றியுள்ள தசைகள் பளுவைப் பங்குபோட்டுக்கொண்டால் அது தாங்கும். தசை களைத்துவிட்டால் மொத்தப் பளுவும் பட்டைக்கு வரும். ஒரே பந்தில் கிழிந்த மாதிரி தெரியும். ஆனால் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழை இழையாக நைந்திருக்கும்.

1974 வரைக்கும் இது கிழிந்தால் பிட்சரின் பிழைப்பு போயிற்று. அந்த வருடம் செப்டம்பர் 25ஆம் தேதி, டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு டாக்டர் பிராங்க் ஜோப் முதன்முதலாக இந்த அறுவை சிகிச்சை செய்தார். ஜானின் எறியாத கையின் மணிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு மெல்லிய தசைநாணை எடுத்தார். அது இல்லாவிட்டாலும் கைக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. முழங்கை எலும்புகளில் துளை போட்டு, எட்டு வடிவத்தில் அதைக் கோத்துக் கட்டினார். நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று ஜோப் சொல்லியிருந்தார். ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றியில் 164 அதற்குப் பிறகு வந்தவை.

எல்லோரும் இதைக் கேட்டுவிட்டு, தைத்துவிட்டால் முன்பைவிடப் பலமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அது தப்பு. கோத்தது தசைநாண். அது லிகமெண்டாக வேலை செய்யப் பழக வேண்டும், ரத்த ஓட்டம் உள்ளே வளர வேண்டும். முதல் சில வாரம் கையைக் கட்டிவைத்து, விரலால் ஒரு மெத்துப் பந்தை அமுக்குவதுதான் பயிற்சி. நாலைந்து மாதம் கழித்து 45 அடி தூரத்துக்கு மெதுவாக எறிய விடுவார்கள். மணிக்கு 100 மைலைத் தொட்ட ஆள் அந்த 45 அடிக்கு எறியும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பையன், பந்து போய் விழுந்த இடத்தைப் பார்க்கவே இல்லை, தன் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை ஆறினாலும் மனசு நம்ப இன்னும் ஆறு மாதம் ஆகும்.

ஆக, முழு சீசன் ஆடும் முதல் வருடத்தில் அளவு வைத்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. 160 என்ற அந்த எண்தான் சரியா என்றால், அப்படி ஒரு எண்ணை அறிவியல் கண்டுபிடித்துத் தரவில்லை.

ஆறாம்வரிசை:

மன்னிக்கவும், நான் இதில் சமாதானம் ஆக மாட்டேன்.

2012 அக்டோபர் 12, பிளேஆஃபில் ஐந்தாவது ஆட்டம். நான் அங்கே இருந்தேன், என் அப்பாவும் கூட இருந்தார். ஊரிலிருந்து வந்திருந்தவருக்கு வழிநெடுக விதி எல்லாம் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போனேன். மூன்று இன்னிங்ஸ் முடிந்தபோது செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக 6-0 முன்னிலை. ஒன்பதாவதில் 7-5. இரண்டு பேர் அவுட், டிரூ ஸ்டோரன் எறிகிறார், இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் வேண்டும். கூட்டம் முழுக்க நிற்கிறது. நாலு ரன் கொடுத்தார்கள். 9-7. அப்பா என்னைப் பார்த்து, ‘இப்போ என்னப்பா ஆச்சு, ஜெயிச்சாச்சா?’ என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என் வாதம் எளிது. 160தான் கணக்கென்றால் அந்த 160ஐ ஏப்ரலில் ஏன் செலவழிக்க வேண்டும்? ஏப்ரலில் தாமதமாகத் தொடங்கியிருக்கலாம், நடுவில் இரண்டு தடவை அவருடைய முறையைத் தாண்டவிட்டிருக்கலாம், முதல் இரண்டு மாதம் ரிலீஃபில் (ஆட்ட நடுவில் வந்து கொஞ்சம் மட்டும் எறிவது) வைத்திருக்கலாம். அக்டோபருக்கு முப்பது இன்னிங்ஸ் மிச்சம் வந்திருக்கும். அட்லாண்டா அதே வருடம் கிரிஸ் மெட்லனை வைத்து அப்படித்தான் செய்தது. அவருக்கும் 2010 ஆகஸ்டில்தான் அதே அறுவை சிகிச்சை. ரிலீஃபில் தொடங்கி, ஜூலைக் கடைசியில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக மாற்றி, 10 வெற்றி ஒரு தோல்வியோடு முடித்து, பிளேஆஃபிலும் ஆடினார். ரிசோவுக்கு இது தெரியாதா?

வேம்படி:

அப்பா கேட்ட அந்தக் கேள்வி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

மெட்லன் விஷயத்தில் மீதிக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் நண்பரே. பிளேஆஃபில் அவர் ஆடிய அந்த ஒரு ஆட்டத்தில் அட்லாண்டா தோற்றது. அவருடைய முழங்கை 2014 மார்ச்சில் மறுபடியும் கிழிந்து இரண்டாவது அறுவை சிகிச்சை ஆனது. ஸ்ட்ராஸ்பர்க்குக்குத் தைத்த பட்டை கடைசிவரை இரண்டாவது முறை கிழியவில்லை. இதை வைத்து ரிசோவின் வழிதான் காப்பாற்றியது என்று நான் சாதிக்க மாட்டேன், இரண்டு கையை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் மெட்லனை நல்ல உதாரணமாகவும் காட்ட முடியாது.

இன்னொன்று. ரிசோ இதை ஸ்ட்ராஸ்பர்க்குக்காக மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அதே அணியின் ஜோர்டான் சிம்மர்மனுக்கு 2009இல் இதே சிகிச்சை. 2011இல் அவரையும் 161 இன்னிங்ஸில் நிறுத்தினார்கள். அந்த வருடம் அணி பிளேஆஃபுக்குப் பக்கத்தில்கூட இல்லை, அதனால் யாரும் சத்தம் போடவில்லை. அணி ஜெயிக்கும்போதும் அதே விதியைக் கடைப்பிடிப்பது லேசான காரியம் இல்லை. ஊடகம், முன்னாள் வீரர்கள், என்னைப் போன்ற ரசிகர்கள் எல்லோரும் கழுத்தைப் பிடித்தோம்.

ஆனால் ஏப்ரலில் தாமதமாகத் தொடங்கியிருக்கலாம் என்கிறீர்களே, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அங்கே நீங்கள் சொல்வது சரி.

நெய்தல்:

யாரும் எறியும் முறையைப் பற்றிப் பேசவில்லையே. ஸ்ட்ராஸ்பர்க் கையைப் பின்னால் எடுக்கும்போது இரண்டு முழங்கையும் தோளுக்கு மேலே போகும். ‘தலைகீழ் டபிள்யூ’ என்பார்கள். 2010க்கு முன்பே, இப்படி எறிந்தால் கை போகும் என்று சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அளவு வைத்து என்ன பயன், முறையை மாற்றியிருக்க வேண்டாமா?

தேன்சிட்டு:

நெய்தல், அந்தப் படத்தை வைத்து நிறையப் பேர் ஜோசியம் சொன்னார்கள். அதே மாதிரி எறிந்து பல வருடம் நன்றாக ஆடியவர்களும் உண்டு, அழகான முறையில் எறிந்து கை போனவர்களும் உண்டு. முன்கால் தரையில் ஊன்றும்போது கை எங்கே இருக்கிறது என்ற நேரக்கணக்கு முக்கியம்தான். ஆனால் சிறு வயதிலிருந்து லட்சம் முறை எறிந்து உடம்புக்குள் ஊறிப்போன ஒன்றை 22 வயதில் பிரித்துக் கட்டுவது ஆபத்தான வேலை. கையைக் காப்பாற்றப் போய் தோளைக் கெடுத்த கதைகள் இருக்கின்றன. அதிக வேகத்தில் எறிகிறவர்களுக்குக் கை அதிகம் போகிறது என்பதுதான் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது. அந்த வேகத்துக்காகத்தான் அவரை முதல் ஆளாக எடுத்தார்கள்.

ஏரிக்கரையான்:

நான் சிகாகோவில் இருப்பவன். அளவு வைக்காத ஊரின் கதையைச் சொல்ல இங்கே ஒருவர் வேண்டும் இல்லையா.

1998 மே 6, ரிக்லி மைதானம். கெர்ரி வுட், 20 வயது, மேஜர் லீக்கில் அவருக்கு ஐந்தாவது ஆட்டம். மேகமூட்டம், தூறல். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி அந்த வருடம் லேசான அணி இல்லை. 20 ஸ்ட்ரைக்அவுட். ஒரு ஹிட், அதுவும் மூன்றாவது பேஸ்காரர் பிடித்திருக்க வேண்டிய பந்து என்று இன்றுவரை இங்கே வாதம் நடக்கிறது. வாக் இல்லை. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் அதைவிட அதிகமாக யாரும் எடுத்ததில்லை. 122 பந்து எறிந்தார். 20 வயதுப் பையனை 122 பந்து எறியவிட்டார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆண்டின் சிறந்த புதுமுகம் என்று பரிசு கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஆடவே இல்லை, டாமி ஜான். திரும்பி வந்தார், நன்றாகவும் ஆடினார், அப்புறம் தோள், அப்புறம் ரிலீஃப். 2012 மே மாதம் கடைசியாக வந்து ஒரே ஒரு பேட்டரை மூன்று பந்தில் ஸ்ட்ரைக்அவுட் செய்துவிட்டு நடந்தார். அவர் மகன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

மார்க் பிரையர் இன்னும் மோசம். 2003இல் 18 வெற்றி, 211 இன்னிங்ஸ், அதற்கு மேல் பிளேஆஃப். அந்த செப்டம்பரில் ஆட்டத்துக்கு ஆட்டம் 120, 130 பந்து. வயது 23. ஆசையாகத்தான் பார்த்தோம், உலகத் தொடருக்கு (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தோம். 2006 ஆகஸ்டுக்குப் பிறகு அவர் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை. வருடக்கணக்கில் மைனர் லீக்கில் முயன்று பார்த்தார், முடியவில்லை. இப்போது மற்றவர்களுக்கு எறியச் சொல்லிக்கொடுக்கும் கோச்.

ஆறாம்வரிசை, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரிசோ செய்ததை 2003இல் எங்களுக்கு யாராவது செய்திருந்தால், நானும் உங்களைப் போலவே திட்டியிருப்பேன், பத்து வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லியிருப்பேன்.

ஆறாம்வரிசை:

ஏரிக்கரையான் சார், பிரையர் கதை தெரிந்ததுதான், ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். 2012இல் காப்பாற்றினார்கள், சரி. 2015இல் 127 இன்னிங்ஸ். 2016இல் 13 வெற்றி, தோல்வியே இல்லை என்று தொடங்கியவர், சீசனின் பின்பகுதியில் முழங்கைத் தசைநாண் கொஞ்சம் கிழிந்து, பிளேஆஃபில் ஆடவில்லை. 2018இல் 130 இன்னிங்ஸ். காப்பாற்றிய கை இப்படித்தான் இருந்தது. அக்டோபர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபோது ஆட வேண்டாமா? அவரே ஆடத்தான் ஆசைப்பட்டார். அவருடைய கை, அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

வேம்படி:

அவரைக் கேட்டிருந்தால் ஆடுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார். 24 வயதில் எந்த வீரன் வேண்டாம் என்பான்? அதனால்தான் வேறு ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் எப்போது வரும் என்று கேட்டீர்கள். 2019இல் வந்தது. அந்த சீசனில் 209 இன்னிங்ஸ், 18 வெற்றி, 251 ஸ்ட்ரைக்அவுட். பிளேஆஃபில் 5 வெற்றி, தோல்வியே இல்லை. அக்டோபர் 29, ஹூஸ்டனில் ஆறாவது ஆட்டம். தோற்றால் உலகத் தொடர் முடிந்தது. முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ரன் போய்விட்டது, அலெக்ஸ் பிரெக்மன் ஹோம் ரன். பெஞ்சுக்கு வந்ததும் பிட்சிங் கோச் பால் மென்ஹார்ட் அவரிடம், நீ என்ன பந்து போடப் போகிறாய் என்பது உன் கையைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் கையுறைக்குள் கையை விட்டு ஆட்டிக்கொண்டே இருந்தார், பிடியை யாரும் படிக்க முடியாதபடி. அந்தக் கை ஆட்டத்தை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவரை அவுட் ஆக்கிவிட்டு இறங்கும்வரை வேறு ரன்னே கொடுக்கவில்லை. மறுநாள் ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்து வாஷிங்டன் சாம்பியன். தொடரின் சிறந்த வீரர் ஸ்ட்ராஸ்பர்க். டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட யாரும் அதற்கு முன் அந்த விருதை வாங்கியதில்லை.

அன்றைக்கு எறிந்தது 2012இல் நிறுத்திவைத்த அதே முழங்கைதான்.

ஆறாம்வரிசை:

2019 எனக்கும் மறக்காது அண்ணா. ஆனால் அதையும் கூட்டிப் பாருங்கள். 209ஓடு பிளேஆஃபின் 36ஐச் சேர்த்தால் 245 இன்னிங்ஸ். அவர் வாழ்க்கையில் ஒரு வருடத்தில் எறிந்த அதிகபட்சம். டிசம்பரில் ஏழு வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதற்கப்புறம் மொத்தமே 8 ஆட்டம். 2012இல் கணக்குப் பார்த்தவர்கள் 2019இல் பார்க்கவில்லை.

தேன்சிட்டு:

2019தான் காரணம் என்று சொல்வது கஷ்டம். அப்புறம் போனது முழங்கை இல்லை, நரம்பு.

2020இல் கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று அறுவை சிகிச்சை. 2021இல் கழுத்து, தோள். பார்த்தால் மார்புத் துவார நோய்க்குறி. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, முதல் விலா எலும்புக்கும் காறை எலும்புக்கும் இடையில் ஒரு குறுகிய சந்து இருக்கிறது. கைக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் அதன் வழியாகத்தான் போகின்றன. பிட்சர்களுக்கு அந்த இடத்துத் தசை தடித்து நரம்பை நெருக்கும். இடம் உண்டாக்க ஒரு விலா எலும்பையும் கழுத்துத் தசை இரண்டையும் எடுத்தார்கள். முழங்கை சிகிச்சையிலிருந்து திரும்பி வருபவர்கள் நிறைய. இதிலிருந்து பழையபடி திரும்பியவர்கள் குறைவு. 2022 ஜூன் 9 அன்று மயாமியில் ஒரு ஆட்டம் ஆடினார், 7 ரன் கொடுத்தார். அதுதான் கடைசி. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் கை முழுக்க மரத்துவிடுகிறது, படுக்க வேண்டியிருக்கிறது என்று செய்தியில் வந்தது. பந்து எறிவதை விடுங்கள், குழந்தையைத் தூக்குவதையே யோசித்துச் செய்ய வேண்டிய நிலை. 2024 ஏப்ரலில் ஓய்வு அறிவிப்பு வந்தது. 113 வெற்றி, 1,723 ஸ்ட்ரைக்அவுட்.

பெரியவன்அப்பா:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

என் பெரிய பையனுக்கு 12 வயது. பிட்சர். ஊரில் ஒரு கிளப் அணியில் ஆடுகிறான். போன மாதம் ஒரு வார இறுதியில் போட்டி. சனிக்கிழமை காலை 70 பந்து எறிந்தான். சாயங்காலம் அடுத்த ஆட்டத்தில் கேட்சராக உட்காரவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி 45 பந்து. கோச் ‘இவன் குதிரை மாதிரி’ என்று தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது இடக்கையால் தேய்த்தான். ஏன்டா என்றேன், சும்மா என்றான். புதன்கிழமைதான் அம்மாவிடம், முழங்கை உள்பக்கம் வலிக்கிறது, கோச்சிடம் சொன்னால் அடுத்த ஆட்டத்தில் எடுக்க மாட்டார், அப்பாவிடமும் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறான்.

அப்பாவிடம் சொல்லாதே என்றானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தேன்சிட்டு அக்கா, என்ன செய்வது?

தேன்சிட்டு:

அண்ணா, முதலில் எறிவதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டுத் தோட்டத்தில் விளையாட்டாக எறிவதும் வேண்டாம். வலி மாத்திரை கொடுத்து ஆட விடாதீர்கள். விளையாட்டுக் காயம் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம், குழந்தைகளைப் பார்ப்பவராக இருந்தால் நல்லது, சீக்கிரம் காட்டுங்கள். இரண்டு முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

12 வயதில் பெரும்பாலும் லிகமெண்ட் கிழிவதில்லை. அந்த வயதில் லிகமெண்டைவிட பலவீனமானது எலும்பின் வளர்ச்சித் தட்டு, குருத்தெலும்பாக இருக்கும். லிகமெண்ட் இழுக்க இழுக்க அந்தத் தட்டு விலகும். சீக்கிரம் பார்த்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும். பயப்படாதீர்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

அளவும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மேஜர் லீக்கும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்று வழிகாட்டி வெளியிட்டன. 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 பந்து. 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நாலு நாள் ஓய்வு. எறிந்த பிள்ளையைக் கேட்சராக உட்காரவைக்க வேண்டாம் என்றும் சொல்கிறார்கள், கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறானே. உங்கள் பையன் சனிக்கிழமை 70 எறிந்தான், அடுத்து புதன்கிழமை வரை பந்தைத் தொட்டிருக்கவே கூடாது.

பையனிடம் கோபப்படாதீர்கள். நீங்கள் பெருமைப்பட்டதைப் பார்த்துத்தான் மறைத்திருக்கிறான். அதை உடைக்க மனசு வரவில்லை அவனுக்கு.

ஆறாம்வரிசை:

பெரியவன்அப்பா, உங்கள் பதிவைப் படித்த பிறகு நான் மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா’ என்று எழுதியிருந்தேன். 12 வயதும் 24 வயதும் ஒன்றில்லை, என் வாதத்தை முழுக்க விட்டுவிடவும் இல்லை. ஏப்ரலில் தாமதமாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதில் இன்னும் நிற்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பெறுகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

கூடல்நகரான்:

நானும் காத்திருக்கிறேன் அண்ணா. பையன் சரியாகிவிடுவான்.

பெரியவன்அப்பா:

நேற்று காட்டிவிட்டு வந்தோம். வளர்ச்சித் தட்டு லேசாக விரிந்திருக்கிறது, விலகவில்லை. ஆறு வாரம் எறியக்கூடாது. அப்புறம் மறுபடி எக்ஸ்ரே, அப்புறம்தான் 45 அடி. கோச்சிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில், இனிமேல் எங்கே வலித்தாலும் முதலில் என்னிடம் சொல்லு, நீ ஆடாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். அப்புறம், ‘அப்போ சனிக்கிழமை ஆட்டத்துக்கு நாம போக வேண்டாமா?’ என்று கேட்டான். போகலாம் என்றேன்.

சனிக்கிழமைக்குக் கடையில் ஒரு எண்ணும் கருவி வாங்கியிருக்கிறான், கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடுமே, அது. அவனுக்குப் பதிலாக எறியப்போகும் பையன் எத்தனை பந்து எறிகிறான் என்று இவன் எண்ணப் போகிறானாம். இடக்கையில் வைத்து அமுக்கிப் பழகிக்கொண்டிருக்கிறான்.